எல்லப்பன் சைக்கிளுக்குப் பல் பார்த்த கதை

ஒரகடத்து எல்லப்பனுக்கு நாற்பத்து நான்கு வயதுவரை சைக்கிள் விடத் தெரியாது. அதற்காக அவன் வெட்கப்பட்டதும் இல்லை. மாட்டுத் தரகனுக்கு சைக்கிள் எதற்கு, மாட்டை கேரியரில் கட்டிக்கொண்டா போக முடியும் என்று கேட்பான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஆனால் தோளில் துண்டும் கையில் தார்க்குச்சியுமாக அவன் ரோட்டோரம் நடந்துபோவதைப் பார்த்தால் யாருக்கும் அவனைக் கிண்டல் செய்யத் தோன்றாது. அந்த நடைக்கு அப்படி ஒரு மரியாதை இருந்தது.

பத்தடி தள்ளி நின்று பார்த்தே மாட்டுக்கு எத்தனை பல், எத்தனை ஈத்து, அதாவது எத்தனை கன்று போட்டது, எந்தக் காலில் வலி என்று அவன் தெரிந்துகொள்வான். தெரிந்துகொண்டதைச் சொல்வானா என்பது வேறு விஷயம். அவனுக்குத் தெரிந்தது ஒன்று, அவன் சொல்வது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில்தான் அவன் குடும்பம் இருபது வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இதைப் பொய் என்று யாராவது சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். விற்கிறவன் தன் மாட்டில் குறை இல்லை என்பான், வாங்குகிறவன் குறையைத் தவிர அதில் எதுவும் இல்லை என்பான், நடுவில் நிற்கிறவன் மட்டும் ஏன் வாயில் கற்பூரம் கொளுத்திக்கொண்டு பேச வேண்டும் என்பது அவன் நியாயம்.

அவன் மனைவி முனியம்மாளுக்கு அந்த நியாயம் பிடிபடவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் படப்பைப் பக்கத்திலிருந்து கோவிந்தம்மா என்று ஒரு விதவை வந்தாள். எல்லப்பன் சொல்லை நம்பி வாங்கிய பசு, மடியில் கை வைத்தால் உதைக்கிறதே தவிர ஒரு ஆழாக்கு கறக்கவில்லை. வந்தவள் சண்டை போடவில்லை. தெருவில் குனிந்து ஒரு பிடி மண் அள்ளினாள், வாசலில் வீசினாள், வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டாள். எல்லப்பன் அதை இரண்டு நாளில் மறந்தான். முனியம்மாள் மறக்கவில்லை. வீட்டில் யாருக்குத் தலைவலி வந்தாலும் அவளுக்கு அந்த மண்தான் ஞாபகம் வந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம் மே மாதத்தில் ரகுபதி வந்தார். அக்கம்பக்கத்துப் பதினாறு கிராமங்களுக்குமாகப் புதிதாக ஆரம்பித்த பால் சங்கத்தின் செயலாளர். சர்க்காரில் கறவை மாட்டுக் கடன் கொடுக்கிறார்கள், சந்தைக்கு வந்து நல்ல மாடாகப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், மாசச் சம்பளம் உண்டு என்றார். இந்த வேலைக்கு எல்லப்பனா என்று சங்கத்திலேயே சிலர் முகம் சுளித்திருக்கிறார்கள். ஏமாற்றுகிற வித்தை அத்தனையும் தெரிந்தவனை வேறு யாரும் ஏமாற்ற முடியாது என்பது ரகுபதியின் கணக்கு. நிபந்தனை இரண்டே இரண்டு. மாட்டைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பதினாறு ஊருக்கும் சுற்றிவர சைக்கிள் வைத்திருக்க வேண்டும். ஜூலை முதல் தேதி வேலையில் சேரலாம்.

அவர் போன பிறகு முனியம்மாள் அடுப்படியிலிருந்து வந்து புருஷன் எதிரில் உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து பேசுவது வருஷத்துக்கு ஒரு தரம் நடக்கும்.

"இந்த வேலைய வுட்றாதய்யா," என்றாள். "நீ சொன்னா நாலு பேரு நம்பணும். அத நான் கண்ணால பாக்கணும்."

எல்லப்பன் யோசித்துப் பார்த்தான். சம்பளம் பிடித்திருந்தது. அவள் சொன்னதும், அவன் வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும், உள்ளே எங்கோ போய்த் தைத்தது. முதல் நிபந்தனையைப் பற்றி அவன் கவலைப்படவே இல்லை. உண்மை சொல்வதற்கு என்ன பழக்கம் வேண்டியிருக்கிறது, வாயைத் திறந்தால் வந்துவிடும். சைக்கிள்தான் கஷ்டம் என்று முடிவு செய்தான்.

புது சைக்கிள் அவன் கைக்கு எட்டாது. பழைய சைக்கிள் பார்க்க ஸ்ரீபெரும்புதூருக்குப் போக வேண்டும். விவரம் தெரிந்தவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போ என்று முனியம்மாள் சொன்னாள். பதினாறு ஊருக்கு மாடு பிடித்துக் கொடுத்தவன், இரண்டு சக்கரமும் ஒரு சீட்டும் உள்ள சாமானைப் பார்த்து வாங்க இன்னொருத்தனைத் துணைக்குக் கூட்டிப்போவதா? தனியாகவே போனான்.

பஜாரில் பாண்டுரங்கனின் சைக்கிள் கடை. அங்கே அன்று விற்பனைக்கு இரண்டு சைக்கிள் நின்றன. ஒன்று குட்டை, இருபத்திரண்டு அங்குலம். பெயின்ட் முழுக்க உதிர்ந்து, மட்கார்டில் துரு ஏறி, மழையில் நனைந்த கோழி போல நின்றது. மற்றது நெட்டை, இருபத்து நான்கு அங்குலம். கறுப்புப் பளபளப்பு, பித்தளை மணி, எண்ணெய் போட்டுத் துடைத்த ரிம்.

எல்லப்பன் தன் முறைப்படி பார்வையிட ஆரம்பித்தான். முதலில் இரண்டையும் ஒரு சுற்று சுற்றி வந்தான். செயின் ஓடுகிற பல்சக்கரத்தில் விரல் வைத்து ஒவ்வொரு பல்லாகத் தேய்மானம் பார்த்தான். சீட்டை முதுகெலும்பு அழுத்துவது போல இரண்டு இடத்தில் அழுத்தினான். பின் சக்கரத்தைத் தூக்கி, குளம்பு பார்ப்பது போல டயரின் அடியைப் பார்த்தான். பிறகு பாண்டுரங்கனைக் கூப்பிட்டு, இரண்டையும் தெருவில் நாலடி நடத்திக் காட்டச் சொன்னான். பாண்டுரங்கன் இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறார், சைக்கிளை நடத்திக் காட்டச் சொன்ன ஆளை அவர் பார்த்ததில்லை. இருந்தாலும் நடத்திக் காட்டினார். எல்லப்பன் குனிந்து சக்கரத்தின் நடையைக் கவனித்தான். சுழி பார்க்கத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்குக் குட்டைதான் சரி என்று பாண்டுரங்கன் சொன்னார். கால் தரையில் படியும், விழுந்தாலும் அடிபடாது, பார்க்க அசிங்கமாக இருந்தாலும் ஃப்ரேம் கல்லு மாதிரி, பத்து வருஷம் உழைக்கும் என்றார். அவர் சொன்னது அத்தனையும் நிஜம். அவர் புகழப் புகழ எல்லப்பனுக்குச் சந்தேகம் வலுத்தது. விற்கிறவன் இவ்வளவு புகழ்ந்தால் அந்த மாடு ராத்திரிக்குள் படுத்துவிடும் என்பது சந்தையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்போதுதான் நெட்டை சைக்கிளின் சொந்தக்காரர் வந்தார். திருநாராயணன் என்று பெயர், யூனியன் ஆபீசில் கிளார்க், சன்னதித் தெருக்காரர். முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி பெடல் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் சைக்கிளைக் கடையில் விட்டிருந்தார். வாங்க ஆள் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஆபீசிலிருந்து நடந்தே வந்தவர், எல்லப்பனை ஏற இறங்கப் பார்த்தார். எல்லப்பன் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம்.

"இது உங்களுக்கு வேண்டாம்," என்றார். "உங்க உயரத்துக்குக் கால் எட்டாது. அதோட ஃபோர்க்குல ஒரு விரிசல் இருந்தது, பத்த வெச்சிருக்கேன். மேல பெயின்ட் அடிச்சதால தெரியலை. அதை மாத்தாம யாரும் ஏறக் கூடாது. அந்தச் சின்ன வண்டியையே எடுத்துக்கோங்கோ."

முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவைதான் ஃபோர்க். அதில் பற்றவைத்த இடத்தைக் குனிந்து விரலால் தொட்டும் காட்டினார். எல்லப்பன் அந்த இடத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தான். இருபது வருஷத்தில் எத்தனையோ விற்கிறவர்களைப் பார்த்திருக்கிறான். குறையை மறைக்கிறவன், குறையைச் சின்னதாக்குகிறவன், குறையே அழகு என்கிறவன். கேட்பதற்கு முன்னாலேயே குறையைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறவனை மட்டும் பார்த்ததில்லை. அப்படி ஒருவன் செய்தால் அதற்குத் தொழிலில் ஒரே அர்த்தம்தான் உண்டு. நல்ல விலைக்கு வேறு ஒரு ஆள் பேசி வைத்திருக்கிறான், இவனை எப்படியாவது கழற்றிவிட வேண்டும். கடைக்காரனும் அதில் கூட்டு. இல்லாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து ஏன் அந்தத் துருப்பிடித்த குட்டையை இவன் தலையில் கட்டப் பார்க்க வேண்டும்? எல்லப்பனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. ஐயங்கார் பார்க்கத்தான் சாது, ஆள் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டான்.

துண்டை எடுத்து விரித்து, அதற்குள் கையை விட்டு, திருநாராயணன் பக்கம் நீட்டினான். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். துண்டுக்குள் விரலைப் பிடித்து எண்ணிக்கை சொல்வார்கள், பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரியாது. திருநாராயணன் மிரண்டு ஒரு அடி பின்வாங்கினார். தன் விரல் மோதிரத்தை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார். பாண்டுரங்கன் விளக்கிச் சொன்ன பிறகும் அவர் கையைக் கொடுக்கவில்லை. நூற்றிருபது ரூபாய் என்று நடுத்தெருவில் உரக்கச் சொன்னார்.

எல்லப்பனுக்குக் கூச்சமாகிவிட்டது. இப்படியா விலையைத் தெருவில் போட்டு உடைப்பது? பேசி வைத்திருக்கிற இன்னொரு ஆள் பக்கத்தில்தான் எங்கோ நிற்கிறான், அவன் காதில் விழட்டும் என்றுதான் இப்படிச் சொல்கிறார் என்று அர்த்தம் செய்துகொண்டான். சுற்றும் முற்றும் பார்த்தான். எதிரே ஒருவர் பட்டாணிக் கடலை வாங்கிக்கொண்டிருந்தார். அந்த ஆள்தான் என்று தீர்மானித்து, அவர் திரும்புவதற்குள் நூற்று முப்பது என்றான் எல்லப்பன். இல்லாத ஒருவனோடு ஏலம் போட்டு விலையை ஏற்றியவன் அந்த பஜாரில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

திருநாராயணன் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஃபோர்க்கை இன்றைக்கே மாற்றுவதாக வாக்குக் கொடுத்தால்தான் விற்பேன் என்றார். மாத்திக்கிறேன் சாமி என்று எல்லப்பன் ஒத்துக்கொண்டான். அவனைப் பொறுத்தவரை வாக்கு என்பது விலையோடு சேர்ந்து பேசப்படும் மரியாதை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பாண்டுரங்கன் புது ஃபோர்க்கை எடுத்து வைத்தார். அதற்கும் ஒரு விலை சொன்னதும், இதுதானா உங்கள் திட்டம் என்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, ஃபோர்க்கை மாற்றாமலே, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தான் எல்லப்பன். மாட்டை ஓட்டிவருகிற பழக்கத்தில், வல்லத்தருகே ஒரு மரநிழலில் அதை நிறுத்திக் கொஞ்சம் இளைப்பாறவும் விட்டான்.

ஜூன் மாதம், ஏரி வறண்டு கிடந்தது. விடியற்காலையில் ஏரிக்குள் கொண்டுபோய்ப் பழகினான். சீட்டை அடிவரை இறக்கியும் கால் எட்டவில்லை. மதகுக் கட்டையில் ஏறி நின்றுதான் சைக்கிளில் உட்கார முடிந்தது. முனியம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு கேரியரைப் பிடித்துக் கூடவே ஓடினாள். அவள் கை விட்டால் விழுந்தான், விடாவிட்டால் ஏன் விடவில்லை என்று திட்டினான். ஐந்தாம் நாள் தானாக ஓட்டினான். ஓட்டத் தெரிந்தது, இறங்கத் தெரியவில்லை. கால் தரையில் படாததால், நிறுத்த வேண்டுமானால் மறுபடி மதகுக் கட்டைக்கே வர வேண்டும். வரும்வரை ஏரிக்குள் வட்டமடித்துக்கொண்டிருப்பான். அவன் செக்கு மாடு மாதிரி சுற்றுவதைக் கரையில் நின்று பார்த்தவர்கள், முனியம்மாளிடம், உம் புருஷனுக்கு எத்தனை பல்லு என்று விசாரித்தார்கள்.

அவளுக்கு அந்தக் கேலி வலிக்கவில்லை. காலையில் எழுந்து பொய் சொல்லப் போகாமல் சைக்கிள் ஓட்டப் போகிற புருஷன் அவளுக்குப் புதுசு. அந்த மூன்று வாரம் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

இருபதாம் தேதி காலை. கரையிலிருந்து ஏரிக்குள் இறங்குகிற சரிவில் எல்லப்பன் முதன்முதலாகத் துணிந்து சைக்கிளை விட்டான். பாதிச் சரிவில் ஃபோர்க், பற்றவைத்திருந்த அதே இடத்தில், மடக்கென்று முறிந்தது. முன் சக்கரம் தனியாக ஏரியின் நடுவரை ஓடிற்று. எல்லப்பன் அவ்வளவு தூரம் போகவில்லை. இடது கை இரண்டு இடத்தில் முறிந்து, புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து படுத்தான்.

வேலை போய்விட்டது என்று முனியம்மாள் ஒரு நாள் முழுக்க அழுதாள். விஷயம் கேள்விப்பட்டு ரகுபதி நேரில் வந்தார். கட்டுப் பிரிக்கிறவரை நடந்தே போகலாம், முதல் மாசம் நாலு ஊர் பார்த்தால் போதும், சங்கத்துக்கு வேண்டியது உன் கண்ணும் வாயும்தான், கை இல்லை என்றார். இதை மே மாதமே சொல்லியிருந்தால் என் கையும் நூற்றிருபது ரூபாயும் மிஞ்சியிருக்குமே என்று எல்லப்பன் நினைத்தான். 

ஆனால் ஏமாந்தது ஆறவில்லை. விற்ற மாட்டில் மறைத்த குறை தெரிந்தால் திருப்பிக் கொண்டுபோய்க் கட்டலாம் என்பது சந்தை வழக்கம். ஜூன் கடைசியில் முறிந்த ஃபோர்க்கை வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கையைத் தூளியில் போட்டுக்கொண்டு, சன்னதித் தெருவில் திருநாராயணன் வீட்டுக்குப் போனான்.

திருநாராயணன் கட்டைப் பார்த்ததும் பதறி எழுந்து நாற்காலி போட்டார். அவர் மனைவி பூமா மோர் கொண்டுவந்து வைத்தாள். எல்லப்பன் சண்டைக்குத் தயார் செய்து வந்த பேச்சை விட்டுவிட்டு மோரைக் குடித்தான். ஃபோர்க்கை மேஜைமேல் வைத்தான்.

"நான் சொன்னேனே," என்றார் திருநாராயணன். அவர் குரலில் குத்தல் இல்லை, அழுகை வருகிற மாதிரி இருந்தது.

"சொன்னீங்க சாமி. யாருனா நெஜத்தச் சொல்லிக்கினு விப்பாங்களா? நான் இன்னான்னு நம்பறது?"

திருநாராயணன் ஃபோர்க்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஃபோர்க்கை மாற்றுகிறவரை நான் கூட நின்றிருக்க வேண்டும், என் தப்புதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நூற்றிருபது ரூபாய் எடுத்து வந்து நீட்டினார். விற்ற காசைச் சண்டை இல்லாமல், பஞ்சாயத்து இல்லாமல் திருப்பிக் கொடுத்த ஆளை எல்லப்பன் அன்றுதான் கண்டான். இதற்குப் பின்னால் என்ன தந்திரம் என்று வழக்கம் போல யோசித்துப் பார்த்தான். ஒன்றும் இல்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த உணர்ச்சி அவனுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாததால், மோர் ஒத்துக்கொள்ளவில்லையோ என்றுகூட ஒரு கணம் நினைத்தான். பணத்தைத் தொடாமல் எழுந்து, கை கழுவக் கொல்லைப்புறம் போனான்.

கொல்லையில் ஒரு பசு கட்டியிருந்தது. எல்லப்பன் ஆளை மறப்பான், மாட்டை மறக்க மாட்டான். நெற்றியில் வெள்ளை, இடது காதில் ஒரு கிழிசல். நான்கு வருஷத்துக்கு முன் சந்தையில் பல் பார்க்கத் தெரியாத ஒருவரிடம், மூன்றாம் ஈத்து என்று சொல்லி, அவனே தள்ளிவிட்ட பசு. விசாரித்ததில் அந்த மனிதர் பூமாவின் அண்ணன், தங்கைக்காக வாங்கியது என்று தெரிந்தது. பசுவின் கொம்பில் ஈத்துக்கு ஒன்றாக விழுந்திருந்த வளையங்களைக் கண்ணாடிச் சில்லு வைத்துச் சீவியதும் அவன் கைதான்.

இரண்டு கன்று போட்டது, அப்புறம் சினை பிடிக்கவே இல்லை என்று, புருஷனோடு பின்னாலேயே வந்த பூமா சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்து மாசம் ஒரு ஊசி போடுகிறாராம். தவிடும் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையுமாகத் தீனிக்குக் குறைவில்லையாம். தை பிறந்தால் சரியாகிவிடும் என்றாள்.

எல்லப்பனுக்கு முனியம்மாள் முகம் ஞாபகம் வந்தது. நாளை மறுநாள் ஜூலை ஒன்று. அந்த வேலை இங்கேயே, இந்தக் கொல்லையிலேயே தொடங்கட்டும் என்று அவனுக்குத் தோன்றியது. யாரும் கேட்காமல், யாரிடமும் தரகு வாங்காமல், ஒரு மாட்டைப் பற்றி உள்ளதைச் சொல்ல வாயைத் திறந்தான். 

"அம்மா, இது மூணாம் ஈத்து இல்ல. வாங்கறப்பவே ஆறு போட்டுட்ட மாடு. கொம்ப நாந்தான் சீவினேன். இனிமே சென புடிக்காது. ஊசிக்குத் துட்டு செலவு பண்ணாதீங்கம்மா."

பூமா அவனை உற்றுப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு ஆள் யார் என்று பிடிபட்டது. வந்தவர் மாட்டுத் தரகர் என்று நீங்கள் சொல்லவே இல்லையே என்று புருஷனைக் கேட்டுவிட்டு, சாவதானமாக எல்லப்பன் பக்கம் திரும்பினாள்.

"எங்கண்ணா அப்பவே சொல்லிருக்கான். தரகர் வலிய வந்து மாட்டைக் குறை சொன்னா, அதுக்கு வேற எங்கேயோ நல்ல விலைக்கு ஆள் பாத்து வெச்சிருக்கார்னு அர்த்தமாம். எங்காத்து மாட்டை நாங்க விக்கறதா இல்லை."

அவன் மறுத்தான். வாங்க வரவில்லை என்றான், சத்தியம் செய்தான். அவன் சத்தியம் செய்யச் செய்ய அவள் முகம் இறுகிக்கொண்டே போனது. கடைசியில் கயிற்றை அவிழ்த்து, பசுவை அவன் கண்ணில் படாதபடி கொட்டகைக்குள் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். திருநாராயணன் மட்டும் அவனை வாசல்வரை கொண்டுவிட்டார். அவர் முகத்திலும் அவன் சொன்னதை நம்பின மாதிரி தெரியவில்லை. நம்பாமல் இருப்பதற்காக வருத்தப்படுகிற மாதிரி தெரிந்தது.

பஸ் ஸ்டாண்டில் ஒரகடம் பஸ்ஸுக்கு வெகுநேரம் காத்திருந்தான். வீட்டுக்குப் போனதும் முனியம்மாள் என்ன நடந்தது என்று கேட்பாள். நிஜத்தைச் சொன்னேன், நம்பவில்லை என்று சொன்னால் அவள் நம்புவாளா என்று யோசித்துப் பார்த்தான். நாளை மறுநாள் முதல் ஊர் படப்பை, கடன் கேட்டவர்கள் பட்டியலில் முதல் பெயர் கோவிந்தம்மா என்று ரகுபதி சொல்லியிருந்தார். அன்று வாசலில் மண் வீசிவிட்டுப் போனவள், இனி அவன் சொல்லை நம்பித்தான் மாடு வாங்க வேண்டும்.